பசையா, தையலா? ஒரு புருவக் காயத்தின் 3,600 வருஷக் கதை

இந்த எபிசோட் ஒரு டீப்பாய் முனையில ஆரம்பிக்குது.

போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அண்ணன் மகளுக்கு ஆறு வயசு. சோபாவில் இருந்து குதிச்சவ டீப்பாய் முனையில இடிச்சுக்கிட்டா. இடது புருவத்துக்கு மேல ஒரு வெட்டு. ரெண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனா முகத்துல காயம் பட்டா ரத்தம் எப்படிக் கொட்டும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். துணியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஆட்டோவுல ஏறி, பக்கத்து ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்கு ஓடினோம். காயத்தைக் கழுவிப் பார்த்த டாக்டர் கேட்டார்: "தையல் போட்டுடலாமா, இல்ல பசை வெச்சு ஒட்டிடலாமா?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "பசைன்னா... ஃபெவிக்விக் மாதிரியா டாக்டர்? புள்ளை மூஞ்சியிலயா?"

டாக்டர் சிரிச்சார். "அந்தக் குடும்பம்தாம்மா. ஃபெவிக்விக்குக்குப் பெரியப்பா மகன்னு வெச்சுக்கங்க."

நக்கலா சொல்றார்னுதான் நினைச்சேன். அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சப்போதான் புரிஞ்சது, மனுஷன் வேதியியல்படி ரொம்பச் சரியாத்தான் சொல்லியிருக்கார். அந்த உறவுமுறையில ஒரு பெரிய கதையே இருக்கு.

முதல்ல எகிப்துக்குப் போயிட்டு வந்துடுவோம். 1862-ல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் லக்சர் நகரத்தில் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். அது கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட மருத்துவக் கையேடு. 1930-ல் ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டட் என்ற அறிஞர் அதை முழுசா மொழிபெயர்த்து வெளியிட்டார். மந்திரம், தாயத்து எல்லாம் அதுல குறைவு. பெரும்பாலும், 'இப்படி ஒரு காயத்தோட ஆள் வந்தா, இப்படிப் பாரு, இதைச் செய்' என்கிற மாதிரி 48 கேஸ்கள்.

அதுல பத்தாவது கேஸ், புருவத்துக்கு மேல ஒரு வெட்டுக்காயம். படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துப் போச்சு. வைத்தியர் என்ன செய்யணுமாம்? காயத்தை விரலால் தொட்டுப் பார்த்துட்டு, தையல் போட்டு இழுத்து மூடணும். அந்தத் தையல் தளர்ந்து போச்சுன்னா, ரெண்டு துணிப் பட்டைகளைக் குறுக்கே போட்டு விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்கணும். முதல் நாள் பச்சை மாமிசம் வெச்சுக் கட்டு. அப்புறம் கொழுப்பும் தேனும். மாமிசத்தை விட்டுடுங்க. தைக்கிறது, மேலே பட்டை போட்டு இழுத்துப் பிடிக்கிறது, இந்த ரெண்டு யோசனையும் 3,600 வருஷத்துக்கு முன்னாடியே ஒரே கேஸுக்குள்ள பக்கத்துல பக்கத்துல இருக்கு. அதுவும் அதே புருவத்துல.

அதுக்கப்புறம் பல நூற்றாண்டுகள் தையல்தான் ராஜா. நூல்தான் மாறிக்கிட்டே இருந்தது. நம்ம நாட்டு சுஸ்ருத சம்ஹிதையில் சணல், மரநார், முடின்னு ஒரு பட்டியலே இருக்கு. கிழிந்த குடலை மூட அதுல சொல்லியிருக்கிற வழி இன்னும் விசித்திரம். பெரிய கருப்பு எறும்பை விளிம்பு மேல கடிக்க வெச்சு, உடம்பைக் கிள்ளிப் போட்டுடணும். கவ்விய தலை மட்டும் அங்கேயே இருக்கும். இன்னிக்கு ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கிற ஸ்டேப்ளரோட கொள்ளுத் தாத்தா.

19-ம் நூற்றாண்டு வரைக்கும் தையலோட பெரிய எதிரி சீழ். ஊசி குத்தின ஒவ்வொரு ஓட்டையும் கிருமிக்குக் கதவு. 1860-களில் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு வந்த பிறகு அந்தக் கதவு மெல்ல மெல்ல மூட ஆரம்பிச்சது. இன்னொரு எதிரி வலி. 1943-ல் ஸ்வீடனில் லிடோகெய்ன் மருந்து உருவானது. நம்ம ஆஸ்பத்திரிகள்ல 'சைலோகெய்ன்'னு சொல்வாங்களே, அதுதான். அதைப் போட்டா தையல் வலிக்காது. ஆனா மரத்துப் போறதுக்கான அந்த ஊசியே புண்ணுக்குள்ள இறங்கணும். அது எரியும். பெரியவங்க பல்லைக் கடிச்சுக்குவாங்க. ஒரு குழந்தைக்கு என்ன நடக்கும்? நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிப்பாங்க. ஒருத்தர் தலையைப் பிடிப்பார். கண்ணுக்கு நேரே ஒரு ஊசி வரும். சின்ன வயசுல தையல் போட்டவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. எத்தனை தையல்னு மறந்திருக்கும். அமுக்கிப் பிடிச்சது மறந்திருக்காது.

இப்போ சிலருக்குக் கேள்வி வரலாம், பசைங்கிறது வெறும் சௌகரியம்தானேன்னு. இல்லைங்க. அந்தக் கட்டில்ல படுத்திருக்கிற குழந்தைக்கு அது சௌகரியம் இல்லை. சரி, பசை எங்கிருந்து வந்தது?

1942, ரெண்டாம் உலகப் போர் நடக்குது. அமெரிக்காவில் ஈஸ்ட்மேன் கோடாக், அதாவது கேமரா கம்பெனி, அங்கே ஹாரி கூவர்னு ஒரு வேதியியலாளர். துப்பாக்கியில் குறி பார்க்கிற கருவிக்கு நல்ல தெளிவான பிளாஸ்டிக் தேவைப்பட்டது. அவரோட குழு சயனோஅக்ரிலேட்னு ஒரு வேதிப்பொருளை எடுத்துப் பார்த்தது. அது தொட்டதோட எல்லாம் ஒட்டிக்கிட்டது. இது வேலைக்கே ஆகாதுன்னு ஓரமா தூக்கி வெச்சுட்டாங்க.

ஒன்பது வருஷம் கழிச்சு, 1951. டென்னசி மாநிலத்துல கோடாக்கோட இன்னொரு கிளை. கூவர் இப்போ அங்கே மேற்பார்வையாளர். வேலை, ஜெட் விமானத்தோட கண்ணாடிக் கூரைக்கு வெப்பம் தாங்குகிற பிளாஸ்டிக் தேடுறது. ஃப்ரெட் ஜாய்னர்னு ஒருத்தர், ஒளிவிலகலை அளக்கிற கருவியோட ரெண்டு பட்டகங்களுக்கு நடுவில் ஒரு துளி சயனோஅக்ரிலேட்டைத் தடவினார். அளந்து முடிச்சார். பட்டகங்களைப் பிரிக்கப் பார்த்தார். வரலை. விலையுயர்ந்த கருவி போச்சுன்னு அவருக்குப் பதறிடுச்சு. கூவருக்கு மட்டும் பழைய ஞாபகம் வந்தது. ஓரமா வெச்ச அதே சனியன்! ஆனா இந்த முறை அவர் அதைக் குறையா பார்க்கலை. 1958-ல் 'ஈஸ்ட்மேன் 910' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. அடுத்த வருஷம் ஒரு டிவி நிகழ்ச்சியில், ஒரே ஒரு துளியில் ஒட்டின ரெண்டு உலோகத் துண்டுகளை வெச்சு, நிகழ்ச்சித் தொகுப்பாளரையே தரையிலிருந்து தூக்கிக் காட்டினார் கூவர்.

உலோகத்தை ஒட்டுறது, கண்ணாடியை ஒட்டுறது, விரலையும் ஒட்டுது. அப்போ வெட்டுக்காயத்தை ஒட்டினா என்ன? இந்தக் கேள்வி வர ரொம்ப நாள் ஆகலை. வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் சயனோஅக்ரிலேட்டை ஸ்ப்ரேயா அடிச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வரைக்கும் ரத்தப்போக்கை நிறுத்தினாங்க. தான் கண்டுபிடிச்சதுல இதைத்தான் பெருமையா நினைக்கிறதா கூவர் பின்னாடி சொல்லியிருக்கார்.

கேட்க அருமையா இருக்கு இல்லையா? ஆனா கடையில் விற்கிற பசையை அப்படியே தோலில் ஊற்ற முடியாது. நம்ம டாக்டர் சொன்ன 'பெரியப்பா மகன்' இங்கேதான் வர்றார். கொஞ்சம் வேதியியல், பயப்படாதீங்க.

சயனோஅக்ரிலேட் குப்பிக்குள் இருக்கும்போது அதோட மூலக்கூறுகள் தனித்தனியா சுத்திக்கிட்டிருக்கும். துளி ஈரம் பட்டா போதும். ஒண்ணோடொண்ணு கை கோத்துக்கிட்டு நீளமான சங்கிலி ஆகிடும். நம்ம தோலில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அதனாலதான் விரல் அவ்வளவு வேகமா ஒட்டிக்குது. இப்படிச் சங்கிலி ஆகும்போது சூடு வெளியாகும். அப்புறம் உடம்புக்குள்ள அந்தச் சங்கிலி மெதுவா உடையும். உடையும்போது வர்ற பொருள்கள்ல ஒண்ணு ஃபார்மால்டிஹைடு. பிணத்தைக் கெடாம வைக்கிற ஃபார்மலின்ல இருக்கிற அதே சரக்கு.

ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கார்பன் வால் உண்டு. வால்ல ஒரு கார்பன் இருந்தா மெத்தில், அதுதான் ஈஸ்ட்மேன் 910. ரெண்டு இருந்தா எத்தில், நம்ம வீட்டு ஃபெவிக்விக் ரகம். நாலு இருந்தா பியூட்டில். எட்டு இருந்தா ஆக்டைல். குட்டை வால்னா சங்கிலி சீக்கிரம் உடையும், நச்சு ஒரே நேரத்துல நிறைய வெளியாகும், சுத்தி இருக்கிற திசு புண்ணாகும். வால் நீள நீள உடையற வேகம் குறையும், உடம்பு சமாளிச்சுக்கும். குடும்பம் ஒண்ணுதான். வாலோட நீளம்தான் வேற.

பியூட்டில் ரகத்தை ஜெர்மனியின் பி. பிரவுன் கம்பெனி 'ஹிஸ்டோஅக்ரில்' என்ற பெயரில் கொண்டு வந்தது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் டாக்டர்கள் அதைப் பல வருஷம் பயன்படுத்தினாங்க. அதுல ஒரு குறை. காய்ஞ்சதும் மொறமொறன்னு ஆகிடும். தோல் மடங்கினா விரிசல் விடும். நச்சு பற்றிய பழைய கவலை வேறு. அமெரிக்காவில் பசை பிறந்தும், தோல் காயத்துக்கு அங்கே அனுமதி கிடைக்க நாற்பது வருஷம் ஆனது. ஆக்டைல் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அது வளைஞ்சு கொடுக்கும்.

ஆனா வேதியியல் மட்டும் போதுமா? 'சரி, உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனா தையல் அளவுக்கு நல்லதா?'ன்னு கேட்டா என்ன பதில்? இந்த இடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் வர்றார். கனடாவின் ஒட்டாவாவில் அவசர சிகிச்சை டாக்டர், ஜேம்ஸ் குவின். 1993-ல் அவரும் சகாக்களும் முகத்தில் காயம் பட்ட 81 குழந்தைகளை எடுத்துக்கிட்டாங்க. குலுக்கல் முறையில் சிலருக்குத் தையல், சிலருக்கு பியூட்டில் பசை. 1997-ல் ஆக்டைல் பசையை வெச்சுப் பெரியவர்கள் 130 பேரிடம் செய்த ஆய்வு ஜாமா இதழில் வந்தது.

அவங்க எதை அளந்தாங்கங்கிறதுதான் விஷயம். எந்தப் பிடிப்பு பலமானதுன்னு இழுத்துப் பார்த்துட்டு விட்டுடலை. மூணு மாசம் கழிச்சுத் தழும்பைப் போட்டோ எடுத்து, எது தையல், எது பசைன்னு தெரியாத ஒரு நிபுணர்கிட்ட கொடுத்தாங்க. அழகுக்கு மார்க் போடச் சொன்னாங்க. நூற்றுக்குப் பசைக்கு 67, தையலுக்கு 68. அந்த ஒரு மார்க் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. ஆனா வேலை முடிய ஆன நேரம்? பசைக்கு 3.6 நிமிஷம், தையலுக்கு 12.4 நிமிஷம். வலியை 100 மில்லிமீட்டர் கோட்டில் குறிக்கச் சொன்னப்போ பசைக்காரங்க 7, தையல்காரங்க 18. அடுத்த வருஷம், 1998-ல், 'டெர்மாபாண்ட்' என்ற பெயரில் ஆக்டைல் பசைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைச்சது.

அப்போ தையலுக்கு மூடுவிழாவா? அதான் இல்லை. எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்தை விளம்பரம் மாதிரி பேசுறவங்க எல்லாரும் இங்கே நிறுத்திடுறாங்க.

அப்புறம் நிறைய ஆய்வுகள் வந்தன. அதையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்புகள் என்ன சொல்லுதுன்னா, அடிபட்ட காயங்களில் 25 பேருக்குப் பசை போட்டா, தையலைவிடக் கூடுதலா ஒருத்தருக்குக் காயம் பிரிஞ்சுக்குது. ஆபரேஷன் வெட்டுகளை எடுத்துக்கிட்டா, 2014-ல் வந்த தொகுப்பில் 33 ஆய்வுகள், 2,793 பேர். அங்கேயும் பிரியாம பிடிக்கிறதுல தையல்தான் ஒரு படி மேல. 43 பேருக்கு ஒருத்தர் கணக்கு.

ஏன் பிரியுது? தையலோ பசையோ, ரெண்டுமே காயத்தை ஆத்துறதில்லை. உடம்பு ஆத்திக்கிற வரைக்கும் விளிம்புகளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், அவ்வளவுதான். வெட்டுப்பட்ட தோலுக்கு ஒரு வாரத்துல பழைய பலத்தில் பத்துல ஒரு பங்குகூட வராது. மூணு மாசம் ஆனாலும் அதிகபட்சம் 80 சதவீதம்தான். பசைப் படலமோ அஞ்சுலேர்ந்து பத்து நாளுக்குள்ள தானா உரிஞ்சு விழுந்திடும். நெத்தியில, கன்னத்துல தோல் அதிகம் இழுபடாது, ரத்த ஓட்டமும் ஜாஸ்தி, சீக்கிரம் ஆறும். அந்த அஞ்சு பத்து நாள் போதும். முழங்கால்ல? ஒவ்வொரு முறை மடக்கும்போதும் காயம் ரெண்டு பக்கமும் இழுபடும். உள்ளங்கையில வேர்வை, ஓயாத வேலை. உதட்டுக்கு உள்பக்கம் எப்பவும் ஈரம். அங்கெல்லாம் நூல்தான். நாய் கடிச்ச காயத்துக்கும் அழுக்கு ஏறிய காயத்துக்கும் பசை கூடவே கூடாது. மேலே மூடி சீல் வெச்சா உள்ளே கிருமி குடித்தனம் பண்ணும். ஆழமான வெட்டுன்னா பல டாக்டர்கள் உள்ளே கரையற நூல்ல தைச்சுட்டு, மேல்தோலைப் பசையால மூடுறாங்க.

பசையைக் காயத்துக்குள்ள ஊத்துறதில்லைங்கிறதையும் சொல்லிடணும். விளிம்புகளை விரலால சேர்த்துப் பிடிச்சு, மேல வார்னிஷ் அடிக்கிற மாதிரிதான் தடவுவாங்க. உள்ளே போனா அதுவே முள்ளு மாதிரி உறுத்தி ஆற விடாது. புருவத்துல போடும்போது கண்ணுக்கு வழிஞ்சா இமை ஒட்டிக்கும். அதனால எங்க குட்டிக்குப் புருவத்துக்குக் கீழே வாசலின்ல ஒரு வரப்பு கட்டி, தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ச்சு வெச்சுத்தான் டாக்டர் ஊதா நிறக் குப்பியை உடைச்சார். ரெண்டு நிமிஷ வேலை. யாரும் அவளை அமுக்கிப் பிடிக்கலை. டி.டி. ஊசிதான் போடணுமான்னு பயந்துக்கிட்டிருந்தா. தடுப்பூசி அட்டையைப் பார்த்துட்டு அதுவும் வேண்டாம்னுட்டாங்க.

நம்ம ஊர்ல இந்தக் கணக்கு கொஞ்சம் வேற மாதிரியும் ஓடும். ஒரு குப்பிப் பசை ஒரு பாக்கெட் நூலைவிட விலை கூட. ஆனா தையல்னா, பிரிக்கிறதுக்கு இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்கு வரணும். தினக்கூலிக்குப் போற அப்பா அம்மாவுக்கு அது இன்னொரு நாள் சம்பளம். எது மலிவுங்கிறது பில்லைப் பார்த்து மட்டும் தெரியாது.

இப்போ உங்க மனசுல ஓடுற கேள்வி எனக்குத் தெரியும். 'அப்போ வீட்ல இருக்கிற ஃபெவிக்விக்?' தயவுசெஞ்சு வேண்டாம். அது குட்டை வால் ரகம். கிருமி நீக்கினதும் கிடையாது. இன்னொரு ஆபத்தும் இருக்கு. ரத்தத்தைத் துடைக்கிற பஞ்சு மேல அந்தப் பசை பட்டா சட்டுனு சூடேறித் தோலைச் சுட்டுடும். காட்டன் டிரஸ்ல கொட்டிக்கிட்டவங்களுக்கு இது தெரியும். விரல் ஒட்டிக்கிட்டா பிய்க்காதீங்க, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ஊற விடுங்க. அப்புறம், பொய் இமை, ஒட்டு நகம் வைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பசைகள்லயும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். அதனால ஏற்கெனவே அலர்ஜி வந்திருந்தா ஆஸ்பத்திரிப் பசைக்கும் தோல் சிவந்து கொப்புளம் வரலாம். கேஷுவால்டியில அதை முதல்லயே சொல்லிடுங்க.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய சண்டை. அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. எண்ணெய், ஆயின்ட்மென்ட் எது பட்டாலும் பசைப் படலம் இளகிடும்னு டாக்டர் சொன்னதை மூணு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எட்டாம் நாள் குளிக்கும்போது அது தானா உரிஞ்சு வந்தது. அதை அவ கணக்கு நோட்டுல ஒட்டி வெச்சிருக்கா.

மூணு மாசம் கழிச்சு, குவின் ஞாபகமா, நானும் ஒரு போட்டோ எடுத்தேன். வெளிச்சத்துல உத்துப் பார்த்தா வெள்ளையா ஒரு சின்னக் கோடு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "பரவாயில்லை, ஃபெவிக்விக் நல்லாத்தான் ஒட்டியிருக்கு"ன்னாங்க.